கச்சான் காற்றிலும் வாடாத வாளித் தோட்டம்: 950 ரூபாயில் ஒரு நீர்த்தாங்கி வாளி செய்யும் முறை

மட்டக்களப்பு, கல்லடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் வளவு முழுக்க மணல். வைகாசியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று எழும்பினால், காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கே போன இடம் தெரியாது. மூன்று வருடங்களுக்கு முன் இருபது கொச்சிக்கன்று (மிளகாய்க் கன்று) வைத்து, காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றி வளர்த்தேன். ஒரு சாவு வீட்டுக்காக இரண்டு நாள் அக்கரைப்பற்றுக்குப் போய் வந்தபோது பதினான்கு கன்றுகள் கருகிக் கிடந்தன. அவ்வளவும் பூப்பிடித்த கன்றுகள்.

அதன் பிறகுதான் அடியில் தண்ணீர் தாங்கி நிற்கும் வாளிகளைச் செய்யத் தொடங்கினேன். முதலில் செய்த ஆறு வாளிகளும் சரிவரவில்லை. ஒன்றில் வேர் அழுகியது, ஒன்றில் தட்டு இடிந்து விழுந்தது, ஒன்றில் நுளம்புக் குடம்பி நெளிந்தது. இப்போது பதினொரு வாளிகளும் இரண்டு பெட்டிகளும் நன்றாக ஓடுகின்றன. நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேலை செய்யும் விதம் எளிது. குத்துவிளக்கில் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டு வருகிறது அல்லவா, அதே வேலையை இங்கே ஈரமான தும்புச்சோறு (தேங்காய் மட்டையில் தும்பு எடுக்கும்போது உதிரும் தூள்) செய்கிறது. வாளியின் அடியில் தண்ணீர். அதற்கு மேல் ஒரு தட்டு. தட்டின் நடுவே ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். கிண்ணத்தில் அடைத்த தும்புச்சோறு தண்ணீரை உறிஞ்சி மேலே உள்ள கலவைக்குக் கொடுக்கும். செடி எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவுதான் மேலே ஏறும். மிஞ்சிய தண்ணீர் போக பக்கவாட்டில் ஒரு துளை. அவ்வளவுதான்.

1. தொடங்கும் முன் வெயிலையும் தண்ணீரையும் பாருங்கள்

காய்கறிக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். காலை வெயில் முழுமையாக விழுந்து, பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு தென்னை நிழலோ சுவர் நிழலோ கிடைக்கும் இடம் எங்கள் பக்கத்துக்கு மிகவும் நல்லது. மேற்கே திறந்த வெளியாக இருந்தால் கச்சான் நேரே வந்து அடிக்கும். அந்தப் பக்கம் ஒரு தென்னோலைத் தட்டி கட்டிவிடுங்கள். கன்று குடிக்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும்.

அடுத்தது தண்ணீர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் எழுவான்கரைக் கிணறுகள் பல, ஆடி ஆவணியில் உப்புத் தட்டும். வாயில் வைத்து உப்புத் தெரிந்தால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பி இந்த வாளிகளை வைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. மேலிருந்து ஊற்றும்போது உப்பு கீழே கழுவுப்பட்டுப் போகும். இங்கே தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி ஆவியாகிறது, உப்பு மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. கிணற்று நீரோடு குழாய் நீரைப் பாதிக்குப் பாதி கலந்து நான் சமாளிக்கிறேன். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நன்னீர்க் கிணறு உள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

2. பொருட்களும் செலவும்

ஐந்து வாளிகளை ஒரே தடவையில் செய்யுங்கள். ஒரு வாளி மட்டும் செய்தால் குழாயும் பசையும் வீணாகும், ஒரு வாளிக்கான செலவும் கூடிவிடும். கடைசியாக நான் செய்த ஐந்து வாளிகளுக்குக் கொடுத்த காசு இது:

20 லீற்றர் பழைய வாளி, மூடியுடன், 5: 2,000 ரூபாய்
1 அங்குல பீ.வி.சி. குழாய், ஏழரை அடி: 750 ரூபாய்
2 அங்குலக் குழாய்த் துண்டுகள்: 300 ரூபாய்
5 கிலோ தும்புச்சோற்றுக் கட்டி, 1: 850 ரூபாய்
கூட்டெரு, 20 கிலோ: 700 ரூபாய்
வாளிப் பிளாஸ்ரிக்கில் ஒட்டும் பசை, சிறியது: 150 ரூபாய்

மொத்தம் 4,750. ஒரு வாளி 950 ரூபாய். உங்கள் கடையில் விலை முன்னே பின்னே இருக்கும். வீட்டில் கூட்டெரு இருந்தால், ஹாட்வெயார் கடையில் வெட்டி எறிந்த குழாய்த் துண்டு கிடைத்தால், 700க்கும் முடிக்கலாம். 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல், உமிக்கரி, பழைய நுளம்பு வலைத் துண்டு, பழைய உரப் பை, இவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வாளி வாங்கும்போது அவசரப்படாதீர்கள். பேக்கரிகளுக்கு மாஜரினும் ஜாமும் வரும் வாளிகள்தான் முதல் தரம், ஏனென்றால் அவை உணவுக்கென்றே செய்தவை. அது கிடைக்காவிட்டால், தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயின்ற் வந்த வாளி. எனாமல் பெயின்ற், தின்னர், பூச்சிமருந்து, கழிவறை மருந்து வந்த எந்தப் பாத்திரமும் வேண்டாம், எவ்வளவு கழுவியிருந்தாலும் வேண்டாம். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற இலக்கம் இருந்தால் நல்லது. வெடிப்பு இருக்கிறதா என்று கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கடைக்காரர் கோபிக்க மாட்டார், இரண்டு வாளிகளை அப்படித்தான் நான் திருப்பிக் கொடுத்தேன்.

3. காகித வேலை கொஞ்சம் உண்டு

வீட்டில் காய்கறி வளர்க்க யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் மூன்று விடயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடென்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மொட்டை மாடியில் வைப்பதென்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். நனைந்த ஒரு வாளி ஏறக்குறைய 20 கிலோ நிறை வரும், பத்து வாளிகள் என்றால் 200 கிலோ. சுவர் ஓரமாக வரிசையாக வையுங்கள், நடுவில் குவிக்காதீர்கள்.

இரண்டாவது, நுளம்பு. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, வளவில் நுளம்பு பெருகும் இடம் இல்லாமல் பார்ப்பது வீட்டுக்காரருக்கும் அங்கே குடியிருப்பவருக்கும் உள்ள கடமை. பொதுச் சுகாதார பரிசோதகர் வந்து குடம்பியைக் கண்டால் வழக்குவரை போகலாம். எங்கள் வீட்டில் குடம்பி இருந்த வாளியை நானே முதலில் கண்டதால் தப்பினோம். சட்டத்தை விடுங்கள், மாரி காலத்தில் மட்டக்களப்பில் டெங்கு என்ன செய்யும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இதற்கென்றே 5ஆம் படியை எழுதியிருக்கிறேன். அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

மூன்றாவது, ஒரு பாடசாலைக் கொப்பி. வாளிக்கு ஒரு இலக்கம், நட்ட திகதி, விதையின் இனம், எத்தனை லீற்றர் எந்த நாளில் ஊற்றினீர்கள், இவ்வளவையும் எழுதுங்கள். விதைப் பக்கெற்றில் பொதி செய்த திகதியும் முளைதிறனும் இருக்கும் சீட்டைக் கொப்பியிலேயே ஒட்டிவிடுங்கள். முளைக்காமல் போனால் பிழை விதையிலா உங்களிலா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் போகலாம். கொப்பியைக் கையில் கொண்டு போனால் அவருக்கும் பதில் சொல்வது சுலபம்.

4. வாளியை வெட்டுதல்: ஒரு பின்னேர வேலை

தேவையான ஆயுதம்: ஹெக்சோ அலகு, கூரான கத்தி, ட்ரில். ட்ரில் இல்லாவிட்டால் பழுக்கக் காய்ச்சிய ஆணி போதும். ஆனால் பிளாஸ்ரிக் உருகும் புகை கெட்டது, அந்த வேலையை முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மிஞ்சும் நீர் போகும் துளை. வாளியின் வெளிப்பக்கம், தரையிலிருந்து சரியாக 7 சென்ரிமீற்றரில் ஒரு அடையாளம் வைத்து, சுண்டுவிரல் நுழையும் அளவு, அதாவது 1 சென்ரிமீற்றர் விட்டத்தில் துளையுங்கள். தட்டு 8 சென்ரிமீற்றரில் நிற்கப் போகிறது. ஆகவே தண்ணீருக்கும் தட்டுக்கும் நடுவே எப்போதும் 1 சென்ரிமீற்றர் காற்று இருக்கும். இந்த இடைவெளிதான் வேருக்கு மூச்சு. என் முதல் வாளியில் துளையைத் தட்டுக்கு மேலே போட்டுவிட்டேன். தக்காளி மூன்று கிழமை செழித்து நின்று, பிறகு ஒரே நாளில் மஞ்சளாகிச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து நாறியது.

அடுத்தது கால்கள். 2 அங்குலக் குழாயை 8 சென்ரிமீற்றர் நீளத்தில் மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாலைந்து துளை போடுங்கள், அப்போதுதான் தண்ணீர் உள்ளே போய்வரும். சிலர் இதற்கு மீன் ரின் வைப்பார்கள், நானும் வைத்தேன். உப்புத் தண்ணீரில் நாலாம் மாதமே துருப்பிடித்து இற்றுப்போய், காய்த்து நின்ற கத்தரியோடு தட்டு கீழே இறங்கிவிட்டது. காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

தட்டுக்கு வாளியின் மூடியே போதும். வாளி கீழே ஒடுங்கி வருவதால் மூடி அப்படியே உள்ளே இறங்காது. ஒரு பேப்பரில் 27 சென்ரிமீற்றர் விட்டத்தில் வட்டம் வெட்டி, கால்களின் மேல் வைத்துப் பாருங்கள். சரியாக உட்காரும்வரை பேப்பரைத் திருத்திவிட்டுப் பிறகு மூடியை வெட்டுங்கள். மூடியை முதலில் வெட்டினால் சிறிதாகிவிடும், கலவை ஓரத்தால் தண்ணீருக்குள் கொட்டும்.

தட்டின் நடுவில் போத்தல் கிண்ணம் நுழைய ஒரு துளை, ஓரத்தில் 1 அங்குலக் குழாய் நுழைய இன்னொன்று, மற்ற இடமெல்லாம் காற்றுக்காக இருபது சின்னத் துளைகள். 1.5 லீற்றர் போத்தலின் அடிப்பாகத்தை 9 சென்ரிமீற்றர் உயரத்தில் வெட்டினால் அதுதான் கிண்ணம். அதைச் சுற்றி, அடியிலும் சேர்த்து, முப்பது துளைகளாவது ஆணியால் குத்துங்கள். கிண்ணம் வாளியின் தரையைத் தொட்டு நிற்க வேண்டும், விளிம்பு தட்டுக்கு மேலே சற்றே தெரிய வேண்டும். தரையைத் தொடாமல் தொங்கினால் கடைசி ஒரு லீற்றர் தண்ணீர் செடிக்கு எட்டாமலே கிடக்கும்.

ஊற்றும் குழாய் ஒன்றரை அடி. அடி நுனியைச் சரிவாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் அது தரையோடு ஒட்டி நின்று தண்ணீரை விடாது.

எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, கலவை போடும் முன் வெறும் வாளிக்குத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். துளையால் வழியும்வரை எத்தனை லீற்றர் பிடிக்கிறது என்று அளந்து, வாளியின் வெளியே எழுதுங்கள். என் வாளிகள் மூன்றரை முதல் நாலு லீற்றர் பிடிக்கும். ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது, கலவை போட்ட பிறகு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

5. நுளம்பு வலை: இதைச் செய்யாமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்

முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். இந்த வாளியில் தண்ணீர் அதைவிட அதிக நாள் நிற்கும். வாளிக்குள் போக நுளம்புக்கு இரண்டு வழிகள்தான், ஊற்றும் குழாயும் வழியும் துளையும்.

வழியும் துளைக்கு வலையை இரண்டாக மடித்து, மூன்று விரல் அகலத்தில் வெட்டி, உட்பக்கமாக ஓரங்களில் மட்டும் பசை வைத்து ஒட்டுங்கள். துளைக்கு நேரே பசை படக் கூடாது. ஊற்றும் குழாயின் வாயை வலையால் மூடி, பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வளையத்தால் இறுக்குங்கள். தண்ணீரை வலைக்கு மேலேயே ஊற்றலாம், வலையைக் கழற்றும் தேவை வராது. சிரட்டை கவிழ்த்து மூடுவது, துணி அடைப்பது எல்லாம் நாலு நாளைக்குத்தான். ஒருநாள் யாரோ கழற்றி வைத்துவிட்டு மறந்துபோவார்கள்.

சனிக்கிழமை காலை என்று ஒரு நேரம் வைத்து எல்லா வலைகளையும் பாருங்கள். கிழிந்திருந்தால் வாளியைச் சரித்து, குழாய் வழியாகத் தண்ணீர் முழுவதையும் மணலில் கொட்டிவிட்டு, புது வலை கட்டிய பிறகே மீண்டும் நிரப்புங்கள். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே பாவிக்காத வெறும் வாளிகளை உட்புறம் உரஞ்சிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

6. கலவை: வளவு மண்ணைப் போடாதீர்கள்

நான் அதிகம் தோற்ற இடம் இது. காசு மிச்சம் என்று முதலில் முற்றத்து மணலையே போட்டேன். வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் கன்று வாடியது. பக்கத்து வீட்டு அன்ரி விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மனே, அடி நனைஞ்சு கிடக்கு, மேல காஞ்சு கிடக்கு. மறுகா எப்படி கண்டு குடிக்கும்?” அவர் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் கரையோரப் பருமணலில் தண்ணீர் கொஞ்ச உயரம்தான் ஏறும். அடுத்த தடவை வவுணதீவுப் பக்கமிருந்து வயல் களிமண் கொண்டுவந்து போட்டேன். அது தண்ணீரை நன்றாக ஏற்றியது, ஆனால் இறுகிச் சேறாகிவிட்டது, வேருக்குக் காற்று இல்லை.

இப்போது நான் போடும் அளவு இது: தும்புச்சோறு மூன்று பங்கு, கூட்டெரு ஒன்றரைப் பங்கு, உமிக்கரி அரைப் பங்கு. அரிசி ஆலைப் பக்கம் கேட்டால் உமி கிடைக்கும், அதைக் கரியாக்கும்போது சாம்பலாகும்வரை விடக் கூடாது. ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி டொலமைற் (சுண்ணாம்புக் கல் தூள்) சேர்க்கிறேன். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் தக்காளிக் காயின் அடி கறுத்துப் போகும்.

தும்புச்சோற்றைக் கழுவாமல் போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். 5 கிலோக் கட்டி ஊறினால் 60 லீற்றருக்கு மேல் பொங்கும், ஐந்து வாளிக்கும் அது காணும். பெரிய பாத்திரத்தில் நன்னீரில் ஊறவைத்து, மறுநாள் பழைய நுளம்பு வலையில் போட்டுப் பிழியுங்கள். வரும் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருக்கும். சாயம் வெளிறும்வரை, குறைந்தது மூன்று தடவை ஊறவைத்துப் பிழிய வேண்டும். இந்த வேலைக்கு மட்டும் மூன்று நாள் ஒதுக்குங்கள். கழுவியது போதுமா என்று பார்க்க, யோகட் கப் ஒன்றில் அதை நிரப்பிப் பத்துப் பயறு போடுங்கள். நாலு நாளில் எட்டாவது நிமிர்ந்து முளைத்தால் போதும். முளை கருகினால் இன்னும் கழுவுங்கள்.

பச்சைச் சாணம் போடாதீர்கள். அது வாளிக்குள் சூடேறும், புழுவும் வைக்கும். மாட்டெரு போடுவதென்றால் மூன்று மாதமாவது உக்கியிருக்க வேண்டும்.

7. நிரப்புதலும் முதல் தண்ணீரும்

கலவையை நிரப்பும் முன்பே ஈரமாக்குங்கள். பிடித்துப் பிழிந்தால் ஓரிரு துளி விழ வேண்டும். முதலில் கிண்ணத்துக்குள் தும்புச்சோற்றை மட்டும் விரலால் அழுத்தி அழுத்தி அடையுங்கள். இங்கே காற்றுப் பை விட்டுவிட்டால் திரி அறுந்த விளக்கு மாதிரிதான், தண்ணீர் இருந்தும் மேலே ஏறாது. பிறகு தட்டுக்கு மேலே கலவையைப் பரப்பி, இலேசாகத் தட்டி, வாளி வாயிலிருந்து மூன்று விரல் கீழேவரை நிரப்புங்கள். அப்போது தட்டுக்கு மேல் 27 சென்ரிமீற்றர் அளவு கலவை நிற்கும். இதைவிட ஆழமான பாத்திரத்தில் மேற்பகுதிவரை ஈரம் ஏறுவது கடினம்.

முதல் தண்ணீரை மேலிருந்தே ஊற்றுங்கள், பக்கத்துத் துளையால் வழியும்வரை மெதுவாக. அதற்குப் பிறகுதான் குழாய். கன்று நட்ட முதல் ஐந்து நாள் மேலேயும் ஒரு குவளை தண்ணீர் விடுங்கள், வேர் கீழே இறங்கும்வரை அது வேண்டும்.

மேற்பரப்பை வெறுமையாக விடாதீர்கள். வைக்கோல், காய்ந்த இலை, அல்லது உரப் பையை வட்டமாக வெட்டி நடுவில் கீறிப் போடலாம். கறுப்புப் பொலித்தீன் நம் வெயிலுக்கு ஆகாது, கலவை கொதிக்கும். வாளியின் வெளிப்பக்கத்தையும் பழைய சாக்கால் சுற்றிவிடுங்கள். வெள்ளை வாளியின் சுவரால் வெளிச்சம் உள்ளே போனால் தண்ணீரில் பாசி பிடிக்கும்.

வாளியை இரண்டு கல்லின் மேல் வையுங்கள். மாரியில் முற்றத்தில் தண்ணீர் ஏறினாலும் வழியும் துளை அதற்கு மேலே இருக்கும். ஆடும் மாடும் திரியும் ஒழுங்கையென்றால் வலைக்கம்பி வேலி இல்லாமல் ஒரு கன்றும் தப்பாது.

8. எதை, எப்போது

தக்காளி, கொச்சி, கத்தரி: வாளிக்கு ஒன்று. கத்தரி பெரிதாக வரும், ஆசைப்பட்டு இரண்டு வைத்தால் இரண்டும் மெலியும். வெண்டி இரண்டு. பயற்றை இரண்டு, கொடிக்குக் கம்பு வேண்டும். கீரை என்றால் வாளி முழுக்கத் தூவலாம், 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். முதல் தடவை செய்பவர்கள் ஒரு வாளியிலாவது கீரை போடுங்கள். வாளி வேலை செய்கிறதா என்று ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

தக்காளிக்கு மார்கழி நடுப்பகுதியில் நாற்றுப் போட்டு, தை நடுவில் மாற்றி நடுங்கள். பங்குனி முடிவதற்குள் காய்க்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் சூட்டில் பூ உதிரும், எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் உதிரும். வெயில் மாதங்களுக்கு ஏற்றவை கத்தரி, கொச்சி, வெண்டி, பயற்றை. இவற்றை மாசி, பங்குனியில் நட்டால் கச்சான் எழும்பும்போது வேர் நன்றாகப் பிடித்திருக்கும். நான் கொச்சியில் எம்.ஐ. 2, கத்தரியில் லேனாயிரி, வெண்டியில் ஹரித ஆகிய இனங்களை வைக்கிறேன். வெண்டி 45 முதல் 50 நாளில் முதல் காய் தரும். கத்தரியும் கொச்சியும் மாற்றி நட்ட பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கும், பொறுமையாக இருங்கள்.

தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தால் பயற்றையும் கீரையும் தாங்கும். போஞ்சி தாங்காது.

9. வாராவாரம் என்ன செய்வது

“கிழமைக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்” என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி நான் ஒரு கத்தரியை இழந்தேன். என் கொப்பி சொல்வது இது: கன்று சின்னதாக இருக்கும் முதல் மூன்று கிழமை, நாலு லீற்றர் எட்டு நாள் வரும். காய்க்கும் கத்தரிக்கு ஆனி மாதத்தில் இரண்டு நாள்தான். முழுதாக வளர்ந்த தக்காளிக்குச் சூடான நாளில் ஒன்றரை நாள். ஊருக்குப் போகும் நாளைக் கணக்குப் போடும்போது இந்தக் கடைசி எண்களையே எடுங்கள்.

தண்ணீர் மட்டத்தை அறிய ஒரு ஈர்க்கு போதும். அதன் நுனியில் றெஜிபோம் (தெர்மகோல்) துண்டு குத்தி, குழாய்க்குள் இறக்கி, மேல் நுனி வலையைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரியும்படி விடுங்கள். துளை ஈர்க்கின் பருமனுக்கு மேல் இருக்கக் கூடாது. நிறைந்திருக்கும்போது நிற்கும் இடத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டுங்கள். ஈர்க்கு இறங்க இறங்கத் தண்ணீர் குறைகிறது என்று வாசலில் இருந்தே தெரியும்.

பசளையை மேலே போடுங்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை இரண்டு கை கூட்டெருவைத் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளித் தூவி, வைக்கோலால் மூடி, ஒரு குவளை தண்ணீர் விடுகிறேன். சாணக் கரைசலையோ வேறு எந்தத் திரவப் பசளையையோ குழாய்க்குள் ஊற்றாதீர்கள். அடியில் கிடந்து புளித்து நாறும், அதைக் கழுவ வாளி முழுவதையும் கொட்ட வேண்டி வரும்.

மாதத்துக்கு ஒருமுறை உப்புக் கழுவல். வைக்கோலை விலக்கிப் பார்த்தால் வெள்ளைப் படலம் தெரியும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் ஐந்து லீற்றரை மேலிருந்து ஊற்றி வழியவிடுங்கள். பிறகு வாளியைச் சரித்து அடியில் உள்ளதையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். காய்த்துக் கனத்த செடியைச் சரிக்க இரண்டு பேர் வேண்டும்.

10. வாளி போதாதவர்களுக்கு: மீன் பெட்டி

மீன் வாடிகளில் ஐஸ் போட்டு மீன் வரும் றெஜிபோம் பெட்டிகள் ஓரம் உடைந்ததும் கழித்துவிடுவார்கள். கேட்டால் சும்மாவோ சில்லறைக் காசுக்கோ தருவார்கள். சூட்டைத் தடுப்பதில் வாளியைவிட இது எவ்வளவோ மேல், தண்ணீரும் பத்து லீற்றருக்கு மேல் பிடிக்கும். சவர்க்காரம் போட்டு உப்பும் மணமும் போகக் கழுவி, உள்ளே தடித்த பொலித்தீன் விரியுங்கள். தட்டும் காலும் இதற்கு வேண்டாம். 1.5 லீற்றர் போத்தல்களை மேலும் கீழும் நிறையத் துளைத்து, மூடியோடு அடியில் படுக்கப் போட்டு அடுக்குங்கள். போத்தல்களின் இடுக்கில் தும்புச்சோற்றை அடைத்தால் அதுவே திரி. மேல்பக்கம் துளைக்காவிட்டால் காற்று அடைபட்டுப் போத்தல் மிதக்கும். ஊற்றும் குழாயை ஒரு மூலையில் தரைவரை இறக்குங்கள். வழியும் துளை 7 சென்ரிமீற்றரில், ஒரு சின்னக் குழாய்த் துண்டை பொலித்தீனோடு சேர்த்து ஒட்டி, வலை கட்டி. வெயிலில் றெஜிபோம் பொடியாக உதிரும், சாக்கால் சுற்றாமல் வைக்காதீர்கள். என் இரண்டு பெட்டிகளிலும் மும்மூன்று கொச்சிகள் நிற்கின்றன.

11. மாரி வந்தால்

ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை குழாயால் ஊற்றும் வேலை ஏறக்குறைய இல்லை. ஆனால் வழியும் துளை அடைபட்டால் ஒரே இரவில் வாளி குளமாகிவிடும். அடைமழை நாட்களில் தினமும் ஒரு ஈர்க்கால் வலையில் படிந்த தும்பைத் தட்டிவிடுங்கள்.

செடி ஓய்ந்த வாளிகளை, மேலுள்ள வைக்கோலை விலக்கி, கலவையோடு இந்த மழையிலேயே விடுங்கள். வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பை மழை கழுவுவது போல நாம் கழுவ முடியாது. வாடல் நோய் வந்த வாளியின் கலவையை மட்டும் வேறு தக்காளிக்கோ கத்தரிக்கோ கொச்சிக்கோ பாவிக்காதீர்கள். தோட்டத்தில் கொட்டாமல் குழியில் புதைத்துவிடுங்கள். மற்றக் கலவைகள் இரண்டு மூன்று போகம் வரும், ஒவ்வொரு தடவையும் நாலில் ஒரு பங்கு புதுக் கூட்டெரு கலந்தால் போதும்.

மார்கழி கடைசியில் ஒவ்வொரு வாளியையும் கொட்டி, காலும் கிண்ணமும் அசையாமல் நிற்கின்றனவா என்று பார்த்து, இரண்டு வலைகளையும் புதிதாக மாற்றுவேன். அதற்குள் தக்காளி நாற்று நாலு இலை விட்டிருக்கும்.